மாதாமாதம் கட்டுகிற வீட்டில் ஆறு மாதப் பணம் கேட்டால்: இணைய நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
கடலூர் முதுநகர்.
(பெயர், முகவரி, இணைப்பு எண் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்
மேல்முறையீட்டு அதிகாரி,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: ஜூலை 2025

பொருள்: மாதத் திட்டத்தை நீக்கி வீட்டு இணைய இணைப்பைத் துண்டித்தது, டெபாசிட் தொகையைத் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டு இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. பாக்கி ஒரு பைசா இல்லை, ஏப்ரல் வரை கட்டியதற்கு ரசீது இருக்கிறது. மாதாமாதம் கட்டிவந்த திட்டத்தை நீங்களாகவே எடுத்துவிட்டு, இனி ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் லைன் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். எங்களால் கட்ட முடியவில்லை, நிறுத்திவிட்டீர்கள். உங்கள் உதவி மையத்தில் யாருக்கும் இதைப் புரியவைக்க முடியாததால் எழுத்தில் தருகிறேன்.

சென்ற ஆண்டு பள்ளி திறந்த சமயம், எங்கள் தெருமுனையில் குடை போட்டு, மேசை வைத்து, உங்கள் ஆட்கள்தான் வந்து சேர்த்தார்கள். நாங்கள் தேடிப் போகவில்லை. நோட்டீஸில் மாதம் ₹349 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து ₹412 ஆகும் என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. சரி, அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. மோடத்துக்கு ₹1,000 டெபாசிட், திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். "பாப்பா படிப்புக்கு நல்லதுக்கா, மாசாமாசம் நம்ம ஆளே வந்து வாங்கிக்குவாரு" என்று அந்தத் தம்பி சொன்னார். கொஞ்ச காலம் ஆள் வந்து ரொக்கமாக வாங்கவும் செய்தார். பிறகு அவர் நின்றுவிட்டார், ஆப்பில் கட்டுங்கள் என்றார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போனாலும் ரொக்கம் வாங்குவதில்லை.

ஆறு மாதத்துக்கு வரியோடு ₹2,471 வருகிறது. தொகை அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதம் மாதமாக வாங்கியிருந்தால் அதே பணம் எங்களிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும். ஒரே நாளில் எடுத்து வை என்கிறீர்கள், அதுவும் எந்த மாதத்தில் என்று பாருங்கள்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் பங்கு, போகாவிட்டால் ஒன்றும் இல்லை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலக்கூடத்தில் எடுத்து விற்கிற பெண்கள் என்று சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி வரை முக்கால்வாசி வீடுகளில் கைமாற்றில்தான் உலை கொதிக்கும். உங்கள் குறுஞ்செய்தி மே மாதத்தில் வந்தது. மாதச் சம்பளக்காரர்களை மட்டும் மனதில் வைத்து யாரோ ஓர் அலுவலகத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

அதே இரண்டு மாதத்தில்தான் பிளஸ் டூ முடிவும் வருகிறது. இந்த ஆண்டு மே 8-ஆம் தேதி வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கு ஜூன் 6 வரை விண்ணப்பிக்க அவகாசம் இருந்தது. 2018 முதல் அந்தக் கலந்தாய்வு இணையவழியில்தான் நடக்கிறது. என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆக, சீட்டுக்கும் கட்டணத்துக்கும் வழி இருக்கிறது, அதுவரை போய்ச் சேர வேண்டிய லைனை நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

கையில் போன் இருக்கிறதே என்று உங்கள் உதவி மையப் பெண் கேட்டார். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது வீட்டுக்காரரோடு போய்விடும். 2024 ஜூலையில் மொபைல் கட்டணங்கள் ஏறியபின் இன்னொரு சிம்முக்கு டேட்டா போடும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று தடவை. அப்புறம், கையளவு திரையில் கல்லூரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இதை வெறும் தாயாக மட்டும் சொல்லவில்லை. முதுநகர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருவது நான்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பாதி என் கைவழியாகப் போகின்றன. வீட்டில் நெட் இருக்கிற பிள்ளை, சென்ற ஆண்டு கட்ஆஃப் எவ்வளவு, விடுதி உண்டா, பஸ் எவ்வளவு தூரம் என்று தேடி, ராத்திரி ஒரு வரிசை போட்டு, அப்பாவிடம் காட்டி, காலையில் மாற்றும். நெட் இல்லாத பிள்ளை என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். பின்னால் ஆதார் நகல் எடுக்க நாலு பேர் நிற்பார்கள். ஓடிபி அம்மாவின் போனுக்குப் போகும், அம்மா ஏலக்கூடத்தில் இருப்பார். நானும் "சீக்கிரம் சொல்லும்மா" என்றுதான் சொல்வேன், கடை முதலாளி பார்த்துக்கொண்டிருப்பாரே. அந்தப் பிள்ளை காதில் விழுந்த முதல் நாலு கல்லூரிப் பெயரைச் சொல்லும், நான் தட்டுவேன். மார்க் ஒன்றாக இருந்தும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு இடத்தில் போய் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரசு வைத்திருக்கிற சேவை மையங்களில் நன்றாகத்தான் உதவுகிறார்கள், ஆனால் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். வீட்டில் பேசி முடிவெடுப்பது ராத்திரியில்தான்.

கிராமமாக இருந்தால், ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் என்ற அரசுத் திட்டத்தையாவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது 12,525 கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். கடலூர் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. நகரத்தில்தான் கம்பெனிகள் இருக்கின்றனவே என்று எங்களை உங்களைப் போன்றவர்களிடம் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. சென்ற நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரில் தென்பெண்ணை பெருகியது. கம்பத்திலிருந்து வந்த ஃபைபர் அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. புயலுக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதுநகர்ப் பக்கம் சில நாளில் சரியான லைன், எங்கள் தெருவுக்கு வர டிசம்பர் பாதி தாண்டியது. லைன் பார்க்க வந்த தம்பி, "உங்க பாக்ஸ்ல நாலு வீடுதான்க்கா, அந்தப் பக்கம் நாப்பது" என்று வெளிப்படையாகவே சொன்னார், அவரைத் தண்டித்துவிடாதீர்கள். நெட் இல்லாத அந்த நாட்களுக்கும் முழுப் பணம் வாங்கினீர்கள். பழுது மூன்று நாளுக்கு மேல் நீண்டால் வாடிக்கையாளருக்கு அதை ஈடுசெய்ய வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி இருக்கிறது. என் பில்லில் அப்படி எதுவும் கழிக்கப்படவில்லை.

இப்போது மோடத்தைத் திருப்பித் தருகிறோம், டெபாசிட்டைக் கொடுங்கள் என்றால், துண்டித்த பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்காததால் கிடையாது என்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை ரசீதில் இல்லை. ஆப்பில் இருக்கிறதாம். லைனை வெட்டிவிட்டு, விதியை ஆப்பில் போய்ப் படி என்றால் எப்படி?

எங்களுக்கு வேண்டியது இலவசம் அல்ல. ₹349 மாதத் திட்டத்தைப் பழையபடி தாருங்கள். மாதத் திட்டம் வேண்டுமென்றால் ₹599 கட்டுங்கள் என்று போனில் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஏழை வீடு சில்லறையாகக் கட்டுவதற்கு அபராதம் போடுவது போல இருக்கிறது. தெருவில் ஏதாவது ஒரு மளிகைக் கடையிலாவது ரொக்கமாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். தடைக்காலத்தில் இரண்டு மாதம் தள்ளிக் கட்ட அனுமதித்தால் இங்கே யாரும் ஓடிப்போக மாட்டார்கள், மீன் கடையில் எங்களுக்கு அப்படித்தான் கடன் தருகிறார்கள். டிசம்பர் நாட்களுக்கான தொகையைக் கழியுங்கள். இணைப்பைத் தர முடியாது என்றால் டெபாசிட் ₹1,000-ஐத் திருப்பித் தந்து, ஏன் முடியாது என்பதை எழுத்தில், தமிழில் தாருங்கள்.

எங்கள் கடை முதலாளி சார்பாகவும் ஒன்று. பிஎம்-வாணி திட்டத்தில் கடையில் பொது வைஃபை வைக்கலாம் என்று அவர் உங்களிடம் கேட்டபோது, கம்பெனிகளுக்குத் தரும் லீஸ்டு லைன்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னீர்கள். 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டுத் திட்டங்களை, அவற்றின் வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மிகாமல் இந்தக் கடைகளுக்குத் தர வேண்டும் என்று 2025 ஜூனில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் விற்பனைப் பிரிவுக்கு இதைத் தெரிவித்துவிடுங்கள். அவர் இன்னும் காத்திருக்கிறார்.

புகார் மையத்தில் பதிந்து எண்ணும் வாங்கியிருக்கிறேன், "தீர்க்கப்பட்டது" என்று செய்தி அனுப்பி மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. ஆகவே விதிப்படி இது உங்களுக்கான மேல்முறையீடு. உங்களிடமும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, கடலூரிலேயே இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. மனுவைத் தட்டச்சு செய்ய நானே இருக்கிறேன், அந்தச் செலவும் மிச்சம்.

கலந்தாய்வில் கல்லூரிகளைத் தேர்வு செய்யும் நாட்கள் நெருங்கிவிட்டன. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இந்த மாதப் பணம் ₹412-ஐ வாங்கிக்கொண்டு லைனைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கடலூர் முதுநகர்.

இணைப்பு: டெபாசிட் ரசீது நகல், ஏப்ரல் வரையிலான கட்டண ரசீதுகள், மே மாதக் குறுஞ்செய்தியின் படம், டிசம்பர் மாத பில், புகார் எண் வந்த செய்தி.