மஜ்ஜையில் இருப்பதும் மஜ்ஜையிலிருந்து வளர்ப்பதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு பற்றி அண்மையில் தங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரை, எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிட்டிக் செல்கள் (அந்நியப் பொருளின் அடையாளத்தை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை) பிரித்தெடுக்கப்பட்டதாக ஒரே வரியில் சொல்லிவிட்டது. படிப்பவர்கள், அந்தச் செல்கள் மஜ்ஜைக்குள் ஆயத்தமாக இருந்தவை என்றே எண்ணுவார்கள். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்து வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுண்டெலியின் தொடையெலும்பு அரைத் தீக்குச்சி நீளம்கூட இருக்காது. ஒட்டியிருக்கும் சதையைத் துடைத்தெடுத்து, இரு முனைகளையும் வெட்டி, மெல்லிய ஊசியால் குளிர்ந்த செல்வளர்ப்புத் திரவத்தைப் பீய்ச்சினால் மஜ்ஜை சிவப்பு நூல்போல வந்து விழும். எலும்பு வெளுத்துவிட்டால் உள்ளே மிச்சமில்லை. பிறகு சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடு கரைசலில் உடைத்து (இதில் கொஞ்சம் அசந்தால் மற்ற செல்களும் போய்விடும்), 70 மைக்ரான் சல்லடையில் வடிகட்டினால், ஓர் எலியின் கால்களிலிருந்து சில கோடி செல்கள் தேறும்.

இவற்றுள் நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளையணுக்களை அன்றே பிரித்தெடுக்கலாம்; எலியின் ரத்தத்தில் அவை குறைவு என்பதால் அவற்றைத் தேடுவோர் மஜ்ஜையையே நாடுகிறார்கள். டென்ட்ரிட்டிக் செல்களின் கதை வேறு. மஜ்ஜையிலுள்ள முன்னோடிச் செல்களுக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் தட்டில் வளர்த்த பிறகே அவை கிடைக்கின்றன. பின்னாளில் 2011-இல் நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் ஸ்டைன்மன் குழுவினர் 1992-இல் வெளியிட்ட முறை இது. அதே மஜ்ஜைக்கு எம்-சிஎஸ்எஃப் என்னும் வேறொரு காரணியைக் கொடுத்தால் வளர்வது மேக்ரோபேஜ், அதாவது கிருமிகளை விழுங்கும் செல்.

சிக்கல் அதோடு முடியவில்லை. ஜிஎம்-சிஎஸ்எஃப் கொடுத்த தட்டில் டென்ட்ரிட்டிக் செல்களோடு மேக்ரோபேஜ்களும் கலந்தே வளர்கின்றன என்பதையும், அடையாளமாக வழக்கமாகப் பார்க்கப்படும் சிடி11சி, எம்எச்சி-2 ஆகிய இரண்டு புரதங்களும் இரு வகையிலும் காணப்படுகின்றன என்பதையும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, இவ்வாறு வளர்த்த செல்களில் கண்ட விளைவு முழுவதையும் டென்ட்ரிட்டிக் செல்லின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இனி இத்தகைய செய்திகளில், செல்கள் நேரடியாக எடுக்கப்பட்டவையா, வளர்க்கப்பட்டவையா, எந்தக் காரணியில், எத்தனை நாள் என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
சென்னை.