எங்கள் 350 மீட்டர் நடைபாதையைத் திறந்து விடுங்கள்

அனுப்புநர்:
பி பிளாக் வீட்டு உரிமையாளர்,
செராஸ் – காஜாங் வட்டாரம், சிலாங்கூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
வீடமைப்பு மேம்பாட்டு நிறுவனம்.

நாள்: 18 நவம்பர் 2025

பொருள்: எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் நடைபாதை எட்டு மாதமாக மூடிக் கிடப்பது

ஐயா, வணக்கம்.

உங்கள் நிறுவனத்திடம் 2019-இல் வீடு வாங்கியவள் நான். வீட்டைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குளியலறையில் நீர் கசிந்தபோது ஆள் அனுப்பினீர்கள். லிஃப்ட் நின்றபோது அன்றைக்கே சரி செய்தீர்கள். என் புகார் வாசலுக்கு வெளியே இருப்பதைப் பற்றியது. பி பிளாக்கின் பின்கதவிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை போகும் நடைபாதையை இந்த ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி தகரம் அடித்து மூடினீர்கள். மூன்று மாதத்துக்குத்தான் என்று லிஃப்டுக்குள் ஒட்டிய அறிவிப்பில் இருந்தது. அந்தத் தாள் மஞ்சளாகிக் கிழிந்தும் போய்விட்டது, தகரம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

மலாயில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் உங்கள் விற்பனைக் கூடத்துக்கு நானும் அம்மாவும் வந்தோம். உங்கள் அதிகாரி அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரிக் கட்டடத்தைக் காட்டித் தமிழில்தான் பேசினார். பி பிளாக்கின் பின்னால் ஒரு பச்சைக் கோடு. அதன் இருபுறமும் குண்டூசித் தலை அளவுக்கு மரங்கள். கோடு போய் முடிகிற இடத்தில் ரயில் நிலையம். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இனிமே யாரையும் எதிர்பார்க்க வேணாம்மா, நீங்களே போய்ட்டு வந்துடலாம்" என்றார். அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு 468,000 வெள்ளி (ரிங்கிட்) சின்னத் தொகை இல்லை. அந்தப் பச்சைக் கோட்டை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம். உங்கள் ஆள் தமிழில் கொடுத்த வாக்கைத் தமிழிலேயே ஞாபகப்படுத்துகிறேன். மலாய் நகலும் இணைத்திருக்கிறேன்.

விளம்பரத்தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'எம்ஆர்டி நிலையத்துக்கு 350 மீட்டர், கூரையிட்ட நடைபாதை' என்று அதில் இருக்கிறது. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வீட்டு விளம்பரத்தில் பயண நேரத்தைப் போடக் கூடாது. உண்மையில் உரிமை கொண்டாட முடியாத எதையும் போடக் கூடாது. 'மூன்றே நிமிடம்' என்று எழுதாமல் நீங்கள் மீட்டர் கணக்கில் எழுதியிருந்தது எனக்கு நம்பிக்கை தந்தது. ஒழுங்கான நிறுவனம், அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். 350 மீட்டர் என்றால் அது நடந்து போகக்கூடிய 350 மீட்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

2022 ஆகஸ்டில் சாவி கொடுத்தீர்கள். அக்டோபரில் என் மைவி காரை விற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அது லேசான முடிவு இல்லை. அப்பா தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, 1989-இல் தன் முதல் காரான புரோட்டோன் சாகாவை வாங்கி, அதற்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய படம் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. எங்கள் தலைமுறைக்குக் காடி என்றால் ஓர் ஆள் ஆகிவிட்டதற்கு அடையாளம். அதை விற்கிறேன் என்றபோது என் தம்பி ஒரு வாரம் என்னிடம் சரியாகவே பேசவில்லை. ஆனால் காஜாங் எம்ஆர்டி வழித்தடம் என் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடியது. 2017 ஜூலையில் முழுதாகத் திறந்தபோது சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். ஒரு ரயிலில் 1,200 பேர் வரை ஏறலாம். காலையில் நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. மாதம் 50 வெள்ளிப் பாஸ் எடுத்தால் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் ரயில், பஸ் எல்லாமே அதில் அடங்கிவிடும். என் வேலை கோலாலம்பூரில் பாசார் சினி நிலையத்துக்குப் பக்கத்தில். ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவேன். இதே தூரத்தைக் காடியில் போனபோது காலையில் ஒன்றேகால் மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டரை வருடம் அந்தப் பாதையில் நடந்தேன். இடது பக்கம் பெரிய லொங்காங் (வடிகால்), அதற்குக் கம்பித் தடுப்பு. பாதி தூரத்துக்கு மேல் கூரை கிடையாது, அதையும் போட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். சரி, குடை இருக்கிறது என்று விட்டுவிட்டேன். காலை ஆறே முக்காலுக்கு அந்தப் பாதையில் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் முன்னும் பின்னுமாக இருப்போம். பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு மலாய்ப் பெண், ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓடும் சீனப் பையன் ஒருவன். பெயர் தெரியாது, ஆனால் யாராவது இரண்டு நாள் வராவிட்டால் கேட்டுக்கொள்வோம். என் அம்மாவுக்கு 74 வயது. வெள்ளிக்கிழமை தோறும் தனியாக ரயிலேறி, பாசார் சினியில் இறங்கி, துன் எச். எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பூவும் திருநீறுமாக வீட்டுக்கு வருவார். முழங்கால் வலிக்காரர்தான். அந்த 350 மீட்டரை அவரால் நடக்க முடிந்தது.

இப்போது நாங்கள் போகும் வழியை நான் கைப்பேசியில் அளந்தேன். 1.9 கிலோமீட்டர். முன்வாசல் வழியாக வெளியே வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் திரும்ப வேண்டும். முதல் பெட்ரோல் நிலையம் வரை நடைபாதை இருக்கிறது. அப்புறம் இல்லை. லாரிகள் திரும்பும் இடத்தில் சாலையோரப் புல்லில் காலை வைத்து நடக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் செருப்பு சேற்றோடு வந்துவிடும். பிறகு மேம்பாலத்தில் 46 படி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு நிலையத்துக்குள் போக வேண்டும். எனக்கு 31 நிமிடம் பிடித்தது. என் வீட்டு பால்கனியில் நின்றால் நிலையத்தில் கதவு மூடப் போவதாகச் செய்யும் அறிவிப்பே காதில் விழும், அவ்வளவு பக்கம்.

முன்வாசலில் இணைப்பு பஸ் நிற்கிறது, கட்டணம் 1 வெள்ளிதான். அரை மணிக்கு ஒருமுறை என்பதால் ஒன்றைத் தவறவிட்டால் வேலைக்குத் தாமதம். கிராப் வாடகைக் கார் எடுத்தால் 6, 7 வெள்ளி. போக வர என்று கணக்குப் பார்த்தால் நாலு நாளிலேயே மாதப் பாஸின் காசு போய்விடும். அம்மா ஏப்ரலில் ஒருமுறை அந்த மேம்பாலத்தை ஏறிப் பார்த்தார். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்கப்புறம் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இப்போதும் குளித்துப் புடவை கட்டிக்கொள்கிறார், வீட்டுச் சாமி அறையோடு சரி.

ஜூலை 22-ஆம் தேதி உங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலைப் பற்றி இனிச் சொல்கிறேன். 'குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் சொந்த வாகனத்தையே பயன்படுத்துவதால் நடைபாதைக்குத் தேவை குறைவு' என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, இரண்டாவது வாகனம் வைத்திருப்போருக்கு மாதம் 120 வெள்ளி வாடகையில் கூடுதல் பார்க்கிங் தருவதாகவும் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது. நீங்கள் எப்போது எண்ணினீர்கள்? கதவைப் பூட்டிய பிறகு எண்ணினால் நடப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். பாதை திறந்திருந்தபோது என்னோடு நடந்தவர்களில் எனக்கு முகம் தெரிந்த 11 பேரிடம் நானே கேட்டேன். 3 பேர்தான் இன்னமும் ரயிலில் போகிறார்கள். 5 பேர் பழையபடி காடி ஓட்டுகிறார்கள். 2 பேரைக் கணவரோ மகனோ நிலையத்தில் இறக்கிவிடுகிறார், அதாவது ஒரே ஆளுக்காகக் காடி இரண்டு முறை வெளியே வருகிறது. ரொட்டிக் கடித்துக்கொண்டு ஓடும் பையன் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். அந்தச் சர்வீஸ் சாலையில் தினமும் அவன் போவதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நாட்டில் காடி ஓட்டுவது சுலபம். 2023 கடைசியில் பதிவான வாகனங்கள் 3 கோடியே 63 லட்சம், அது நம் மக்கள் தொகையைவிட அதிகம். பெட்ரோல் பல வருடம் லிட்டர் 2.05 வெள்ளிக்குக் கிடைத்தது, இந்த செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள குடிமக்களுக்கு 1.99. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் காடியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினால், அவர் காசை மட்டும் பார்த்து ஏறவில்லை. வாசலில் இறங்கி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நிச்சயத்தில்தான் ஏறுகிறார். அந்த நிச்சயம் ஒரு வாரம் இல்லாமல் போனால் மறுபடியும் காடிச் சாவியைத் தேடுவார். நம் ஆட்களுக்கு ரயில் பிடிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2010-இல் கொமுட்டர் ரயில் பத்துமலை வரை வந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோயில் வளாகம். தைப்பூசத்தன்று மூன்று காடி வைத்திருக்கும் குடும்பங்கள்கூடக் கைக்குழந்தையோடு அந்த ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு என்றும் எழுதியிருந்தீர்கள், வெளியார் வருகிறார்கள் என்று. அந்தக் கதவில் அட்டை தட்டினால்தான் திறக்கும் பூட்டு இருந்தது. ஆட்கள் நடமாடிய வரையில் அந்தப் பாதையில் ஒரு திருட்டும் நடந்ததாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வரவில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் இந்தோனேசியப் பெண்கள் இரண்டு பேர் ரயிலில்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் காடி இல்லை, கிராப்புக்குக் காசும் இல்லை. இருட்டியபின் அந்தப் புல்வெளி ஓரமாக நெடுஞ்சாலைப் பக்கம் நடப்பது அவர்களுக்குப் பாதுகாப்பா?

பாதை எதற்காக மூடப்பட்டது என்பதையும் போய்ப் பார்த்தேன். இரண்டாம் கட்ட வீடுகளுக்கு விற்பனைக் கூடம் கட்டியிருக்கிறீர்கள். பாதை போன இடம் இப்போது அந்தக் கூடத்துக்கு வருபவர்களின் கார் நிறுத்துமிடம், 24 கட்டங்கள். இரண்டு சனிக்கிழமை போய் எண்ணினேன், 9 காடிக்கு மேல் நிற்கவில்லை. லொங்காங்கை ஒட்டிய வரிசையில் ஒன்றுகூட இல்லை. கூடத்தின் முகப்பில் ஆளுயரப் பலகை வைத்திருக்கிறீர்கள், எம்ஆர்டி படம் போட்டு, 'நடந்தே போகலாம்' என்று. இரண்டாம் கட்டத்தில் வீடு வாங்கப் போகிறவர்களும் எங்களைப் போல அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள், ஐயா.

2008-இல் பக்கத்து பண்டார் மக்கோத்தா செராஸில் சாலையை அடைத்தபோது அங்கிருந்தவர்கள் திரண்டு வந்து தடுப்பையே உடைத்தார்கள், நாடே பேசியது. அது காடி போகும் வழி. நடந்து போகும் வழிக்காக அப்படித் திரள நாங்கள் பத்துப் பதினைந்து பேர்தான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. லொங்காங்கை ஒட்டிய அந்த ஒரு வரிசையை, இரண்டு மீட்டர் அகலத்துக்கு, கம்பித் தடுப்பு வைத்துப் பாதையாக விட்டுவிடுங்கள். 12 கட்டம் போகும், உங்களுக்கு இன்னும் 12 மிச்சம் இருக்கும். பின்கதவின் பூட்டை முதல் ரயிலுக்கு முன்பே திறந்து, கடைசி ரயில் போன அரை மணி கழித்து மூடும்படி மாற்றுங்கள். முன்பு இரவு 10 மணிக்கே மூடிவிடுவீர்கள், இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் அப்போதும் சுற்றித்தான் வந்தார்கள். விளம்பரத்தாளில் சொன்ன கூரையை மீதிப் பாதிக்கும் போடுங்கள், அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வழி மட்டும் இப்போதே வேண்டும். இரண்டாம் கட்டத்தின் வரைபடத்தில் இந்தப் பாதை நிரந்தரமாக இருக்கிறதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். வரைபடத்தின் ஒரு நகலும் வேண்டும்.

டிசம்பர் 2-க்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், விளம்பரத்தாளின் நகல், தகரத்தின் படங்கள், 43 குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்ட மனு இவற்றோடு காஜாங் நகராண்மைக் கழகத்துக்கும் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சுக்கும் போவேன். அதற்கு முன்னால், காலை ஆறே முக்காலுக்கு உங்கள் அதிகாரி ஒருவர் வந்தால், அந்த 1.9 கிலோமீட்டரை அவரோடு சேர்ந்து நடக்க நான் தயார். எந்த நாளும் சரி.

மார்கழி டிசம்பர் 16-இல் பிறக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் முதல் ரயிலைப் பிடித்துக் கோயிலுக்குப் போவது அம்மாவின் வழக்கம். போன மாதம் நான் பின்கதவுப் பக்கம் போனபோது அவரும் கூட வந்தார். தகர இடுக்கு வழியாக நிலையத்தைப் பார்த்துவிட்டு, "விளக்கு எரியுது பாரு" என்றார்.

இப்படிக்கு,
பி பிளாக் வீட்டு உரிமையாளர்

இணைப்பு: 2019 விளம்பரத்தாளின் நகல், 8 படங்கள், 43 பேரின் கையெழுத்து, இக்கடிதத்தின் மலாய் நகல்