குளிப்பாட்டிய காசுக்குப் பரிசு வேண்டாம்: டர்பன் கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய குழுவினருக்கு, வணக்கம்.

தீபாவளிக் கண்காட்சியில் இம்முறை நாணயப் போட்டியும் உண்டு, நாய்க் கண்காட்சி போல நடுவர் சுற்றிப் பார்த்து முதல் பரிசைச் சொல்வார் என்று அறிவித்திருக்கிறீர்கள். யோசனை நல்லதுதான். ஆனால் நாய்க் கண்காட்சியில் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை எடுத்திருக்கிறீர்கள்.

அங்கே நடுவர் ஒரு நாயைப் பக்கத்து நாயோடு மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை. அந்த இனத்துக்கென எழுதிவைத்த இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கிறார். நம் பக்கத்து நாயினமான ரிட்ஜ்பேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் நாய் 63 முதல் 69 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். முதுகில் எதிர்த்திசையில் வளரும் மயிர்வரியில் இரண்டு சுழிகள் நேருக்கு நேர் அமைய வேண்டும். அவற்றின் கீழ்விளிம்பு வரியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுழி பார்த்து மாடு பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

உங்கள் விதித்தாளில் அப்படி ஓர் இலக்கணமும் இல்லை. பழைய டிரான்ஸ்வால் அதிபர் பால் குரூகரின் தலை பொறித்த பென்னி, பிரிட்டோரியாவில் 1923 முதல் 1932 வரை அடித்த தங்கச் சவரன், குரூகர்ராண்ட் என்ற தங்கக் காசு மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குரூகர்ராண்டில்கூடச் சாதாரணக் காசும், சேகரிப்போருக்கெனத் தனியாக அடித்த புரூஃப் காசும் ஒன்றல்ல. முன்னதன் விளிம்பில் 160 வெட்டுகள், பின்னதில் 220. கண்ணாடி போல மின்னும் புரூஃபுக்குப் பக்கத்தில் வைத்தால், சந்தைக்கென அடித்த காசு எப்போதும் தோற்கும். வகைக்கு ஒரு தாள் எழுதுங்கள்.

குரூகரின் இரண்டரை ஷில்லிங்குக்கான தாள் இப்படி இருக்கலாம்: எடை 14.14 கிராம், வெள்ளி 92.5 விழுக்காடு. முதலில் தேய்வது குரூகர் தலையில் காதை ஒட்டிய முடியும் புருவமும் தாடியும். அந்த மேடுகள் மழுங்கியிருந்தால், அச்சு சரியாக அழுந்தாததா, கைபட்டுத் தேய்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். காசைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளி சக்கரம் போல ஓடும். மழுங்கிய மேட்டின் மீதும் அது அறுபடாமல் ஓடினால் அச்சின் குறை. அந்த இடத்தில் மட்டும் ஒளி செத்துச் சாம்பல் நிறம் தட்டினால் தேய்மானம். அடுத்து கீறல். தாடிக்குள் மறைந்த வெட்டைவிடக் கன்னத்தில் விழுந்த அதே அளவு வெட்டுக்கு அதிகம் குறைக்க வேண்டும்.

மண்டபத்துக் குழல்விளக்கில் இதெல்லாம் தெரியாது. பரவிய வெளிச்சம் மயிரிழைக் கீறல்களை விழுங்கிவிடும். நடுவர் மேசைக்கு மேலே குழல்விளக்கை அணைத்து, ஒற்றை பல்பு உள்ள மேசைவிளக்கு வையுங்கள். கீழே மெத்தென்ற துணி. காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். முதலில் வெறுங்கண், பிறகு 5 மடங்கு லென்ஸ். 10 மடங்கு லென்ஸ் போலியைப் பிடிக்கத்தான். தரம் பார்க்க அதை எடுத்தால் எந்தக் காசும் தேறாது. காசுக்கு நேர்மேலே பேசக் கூடாது. தெறிக்கும் எச்சில் துளி பிற்பாடு கறும்புள்ளியாக நிற்கும்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று உலகமெங்கும் புழங்குகிறது. இது விழுக்காட்டுக் கணக்கு அல்ல. 60-உம் அதற்கு மேலும் புழக்கமே காணாதவை. 58 என்றால் துளித் தேய்மானம். ஆனால் நல்ல 58 ஒன்று, பைக்குள் மோதி வடுப்பட்ட 60-ஐவிட அழகாக இருப்பது வழக்கம். எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அழகிய காசு பின்னால் போகும். அதனால், தர நிறுவனங்கள் மூடி முத்திரையிட்ட பெட்டியில் வரும் காசுகளின் சீட்டைத் தாள் ஒட்டி மறையுங்கள். இரண்டு நடுவர்கள் தனித்தனியே எண் எழுதட்டும். அவை இரண்டு எண்ணுக்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். நாயைக் குளிப்பாட்டி, சீவி, நகம் வெட்டி அழைத்து வருவது அங்கே கடமை. இங்கே அது கொலை. உங்கள் அறிவிப்பில் ‘காசுகளைச் சுத்தம் செய்து கொண்டுவரவும்’ என்ற வரி இருக்கிறது, இன்றே நீக்குங்கள். நம் வீடுகளில் செம்பென்றால் புளி, வெள்ளியென்றால் விபூதி. குத்துவிளக்குக்கு அது சரி. புளி பட்ட பென்னி வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். நூறாண்டுப் பழுப்பு திரும்பாது. விபூதி தேய்த்த ஷில்லிங்கில் ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் நிரந்தரம். இரண்டையும் தரமற்றவை என்று ஒதுக்கத்தான் வேண்டும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையால் வெள்ளியில் படிந்த பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு. கலப்பில்லாத அசிட்டோனில் முக்கி எடுத்து, தேய்க்காமல் உலரவிடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது. அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. தீ பக்கத்தில் இருக்கக் கூடாது.

காசுமாலையிலிருந்தும் பதக்கத்திலிருந்தும் கழற்றிய பவுன்கள் நிறைய வரும். தலைக்கு நேர்மேல் விளிம்பைப் பாருங்கள். பற்றுவைத்த இடத்தில் நிறம் மாறியிருக்கும், அல்லது அரம் போட்ட தடம் இருக்கும். குரூகர் பவுன் 7.99 கிராம், தராசில் 0.01 கிராம் வரை தெரிய வேண்டும். இவற்றைத் திருப்பி அனுப்பாதீர்கள், தனிப் பிரிவு கொடுங்கள். எத்தனையோ கல்யாணம் பார்த்தவை.

அருமைக்கும் தரத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். டிரான்ஸ்வால் அதிபர் பர்கர்ஸின் தலை பொறித்த 1874 பவுன் மொத்தமே 837தான் அடித்தார்கள். அதற்காகத் தேய்ந்த ஒன்றுக்கு காசின் நிலையைப் பார்க்கும் பிரிவில் கூடுதல் மதிப்பெண் தர முடியாது.

நாய்க் கண்காட்சியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். தகுதியான நாய் இல்லையென்றால் பட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை நடுவருக்கு உண்டு, இங்கும் தாருங்கள். பல கண்காட்சிகளில் ஒவ்வொரு நாய்க்கும் ஏன் இந்தத் தரம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு காசோடும் அப்படி நான்கு வரிச் சீட்டு போனால், தோற்றவரும் அடுத்த ஆண்டு வருவார்.

வகைவாரித் தாள்களை எழுதித் தர நாங்கள் தயார். விளக்கும் தராசும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
டர்பன் தமிழ் நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்