கடைசிக் கதவு வரை ஒலி கேட்க வேண்டும்: இரண்டாம் கட்டடத்தின் தீ எச்சரிக்கைக்கு நன்கொடை வேண்டுகோள்

நம் வளாகத்தில் வசிக்கும் அனைவருக்கும் குடியிருப்போர் நலக் குழுவின் வணக்கம்.

சென்ற மாதம் நடந்த தீ வெளியேற்றப் பயிற்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹூட்டர் அலறியதும் முதல் கட்டடத்தில் இருந்தவர்கள் படியிறங்கி முற்றத்தில் கூடினோம். இரண்டாம் கட்டடத்தின் கீழ்த்தளங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அதன் நான்காம், ஐந்தாம் தளங்களிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் குழு உறுப்பினர்கள் இருவர் மேலே ஏறினார்கள். ஐந்தாம் தளத்து ஹூட்டர் வண்டு ரீங்கரிப்பதுபோல முனகிக்கொண்டிருந்தது. காது கேளாதவருக்கும் தெரியும்படி விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு ஒன்றுகூட மின்னவில்லை. ஒரு வீட்டில் தாய் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் செவித்திறன் இழந்த பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கீழே நாம் எல்லோரும் அவர்களுக்காகக் காத்து நிற்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பயிற்சி என்பதால் அன்று எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினோம். ஆனால் அந்த முனகல் குழுவில் யாரையும் அதன்பிறகு நிம்மதியாகத் தூங்கவிடவில்லை. அதைச் சரிசெய்வதற்காகத்தான் உங்களிடம் கையேந்தி வருகிறோம்.

முதலில் எங்கே பிழை என்று தேடினோம். புகை உணரிகள் நன்றாக இருக்கின்றன. உணரிகளின் செய்தியைப் பெற்று ஹூட்டர்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான முதன்மைப் பேனலும் நன்றாக இருக்கிறது. ஹூட்டர்களைக் கழற்றிப் பார்த்தால் அவையும் பழுதில்லை. இரண்டாம் கட்டடத்தில் ஹூட்டர்களை மாட்டிக்கொடுத்தவர்கள் வேலை முடித்த அன்று நம் கண் முன்னால் சோதித்துக் காட்டியபோது எல்லாம் ஒலித்தன. அப்போது மின்சாரம் இருந்தது. பயிற்சியன்று நாங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொடங்கினோம். உண்மையான தீயிலும் மின்சாரம் தானாகப் போய்விடலாம், அல்லது தீயணைப்பு வீரர்கள் வந்ததும் அதைத் துண்டிக்கலாம். ஆக, பேட்டரியில் ஓடும்போது ஒலிக்காத ஹூட்டர் இருந்தும் இல்லாததுதான்.

காரணம் கம்பியில் இருக்கிறது. இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக விரிவாகச் சொல்கிறோம். முதன்மைப் பேனல் முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டாம் கட்டடத்துக்குச் சுமார் 100 மீட்டர் கம்பி ஓடுகிறது. அங்கே தளத்துக்கு நான்காக, ஐந்து தளங்களில் 20 ஹூட்டர்கள். ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரோப் விளக்கும் உண்டு. ஒன்றுக்கு 0.1 ஆம்பியர் என்றால் மொத்தம் 2 ஆம்பியர். இந்த ஹூட்டர்களுக்கு மின்சாரம் அனுப்பும் பேனலின் சர்க்யூட் 2.5 ஆம்பியர் தரக்கூடியது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் கம்பி சும்மா கிடப்பதில்லை, தன் பங்குக்கு வோல்ட்டேஜைத் தின்கிறது. நம்மிடம் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் மின்தடை. போக 100, வர 100 என 200 மீட்டருக்கு 2.4 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 4.8 வோல்ட் தொலைகிறது. பேனலின் வோல்ட்டேஜ் 24 என்றாலும், பேட்டரி தீரும் தறுவாயில் அது 20.4-க்கு இறங்கிவிடும் என்று வைத்துத்தான் வல்லுநர்கள் கணக்குப் போடுகிறார்கள். 20.4-லிருந்து 4.8 போனால் மிஞ்சுவது 15.6. ஹூட்டரும் ஸ்ட்ரோபும் வேலை செய்யக் குறைந்தது 16 வோல்ட் வேண்டும். போதாததற்கு, வோல்ட்டேஜ் குறையக் குறைய ஸ்ட்ரோப் அதிக ஆம்பியரை இழுக்கும். அப்போது கம்பியில் இழப்பு இன்னும் கூடும். மின்சாரம் இருந்தபோது கடைசி ஹூட்டருக்கு 19 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது. பயிற்சியன்று, பழைய பேட்டரியில், கிடைக்கவில்லை. ஐந்தாம் தளம் அந்தக் கம்பியின் கடைசியில் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் செய்த தவறு அது ஒன்றுதான்.

தடித்த கம்பி போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதையும் கணக்கிட்டோம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு சுமார் 3 வோல்ட்டாகக் குறையும்; இன்றைய ஹூட்டர்கள் ஒலித்துவிடும். ஆனால் அதற்குமேல் ஒரு ஆம்பியர் கூட்டினாலும் மறுபடி 16-க்குக் கீழே போய்விடுகிறோம். பேனல் சர்க்யூட்டின் 2.5 ஆம்பியர் வரம்பும் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு ஆம்பியர் நமக்குக் கட்டாயம் தேவை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

ஆகவே இரண்டாம் கட்டடத்துக்கென்று ஒரு விரிவாக்கப் பேனல் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இது தனியான இன்னொரு எச்சரிக்கை அமைப்பு அல்ல. முதன்மைப் பேனல் 'தீ' என்று சொன்னதும் அதைக் கேட்டு, தன்னிடம் உள்ள மின்சாரத்தைக் கொண்டு அருகிலுள்ள ஹூட்டர்களை ஒலிக்கவைக்கும் பெட்டி. அதற்கென்று தனி மின் இணைப்பும், தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் இருக்கும். அந்த 100 மீட்டர் கம்பி இனி 2 ஆம்பியர் சுமையைத் தூக்காது. செய்தியை மட்டும் கொண்டுபோகும். பேனலை மூன்றாம் தளத்தில் வைத்தால் அங்கிருந்து எந்த ஹூட்டருக்கும் 25 மீட்டருக்கு மேல் தூரம் இல்லை. ஒரு சர்க்யூட்டுக்கு அதிகபட்சம் எட்டு ஹூட்டர்கள். இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பேட்டரி தீரும் தறுவாயிலும் ஐந்தாம் தளத்துக் கடைசி ஹூட்டருக்கு 19.9 வோல்ட் கிடைக்கும். இந்த எண்ணைக் கணக்கில் கண்டபோது குழுவில் எல்லோர் முகமும் மலர்ந்தது.

மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் இடம் சும்மாத்தானே கிடக்கிறது, அங்கே வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. இத்தகைய பேனல்கள் 0 முதல் 49 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. வெயில் நேரடியாகக் காய்ச்சும் அறையில் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் கரைந்துபோகும். அதனால் மூன்றாம் தள நடையின் சுவர் என்று முடிவு செய்தோம். பேனலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு புகை உணரியும் வரும். ஆளில்லாத மூலையில் உள்ள பேனல் தானே முதலில் எரிந்துவிட்டால் மற்ற தளங்களுக்குச் செய்தி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

பேட்டரியின் அளவையும் நாங்கள் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. மின்சாரம் போனபின் 24 மணி நேரம் காத்திருந்து, அதன்பிறகும் 5 நிமிடம் முழுமையாக ஒலிக்க வேண்டும் என்பது பல நாடுகள் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. 72 என்ற அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பின் அளவுகோல். காத்திருப்பில் 0.1 ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 2.4 ஆம்பியர்-மணி. ஒலிக்கையில் 3 ஆம்பியர் வீதம் 5 நிமிடத்துக்கு 0.25. இரண்டும் சேர்த்து 2.65; அதன்மேல் 20 சதவீதம் பாதுகாப்புக்காகக் கூட்டினால் 3.18. எனவே 7 ஆம்பியர்-மணி ஜோடி தாராளமாகப் போதும். அதைவிடப் பெரியதாக வாங்கச் சொன்ன விலைப்புள்ளியை நாங்கள் ஏற்கவில்லை. உங்கள் பணம் அது.

பெட்டியைச் சுவரில் மாட்டுவது அரை நாள் வேலை. அதைச் சரியாக அமைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. உள்ளே வரிசையாகச் சிறு சுவிட்சுகள் இருக்கும். எந்த உள்ளீடு எந்த ஹூட்டர் வரிசையை இயக்க வேண்டும், ஒலியின் தாளம் எது, ஸ்ட்ரோப்கள் எப்படி ஒத்து மின்ன வேண்டும் என்பதையெல்லாம் அவற்றால்தான் சொல்ல வேண்டும். தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை விநாடி ஒலி மூன்று முறை, இடையிடையே அரை விநாடி நிறுத்தம். பிறகு ஒன்றரை விநாடி அமைதி. 'உடனே வெளியேறு' என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8201 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்த தாளம் இது. முதன்மைப் பேனலும் இந்தத் தாளத்தில் அனுப்பி, விரிவாக்கப் பேனலும் தன் பங்குக்குத் தாளம் போட்டால் இரண்டும் மோதி ஒலி சிதைந்துவிடும். ஒன்று தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பின்தொடர வேண்டும்.

ஸ்ட்ரோப்களின் நிலையும் அப்படித்தான். முற்றத்தில் நிற்பவருக்கு இரண்டு கட்டடங்களின் விளக்குகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். அவை ஆளுக்கொரு நேரத்தில் மின்னினால், ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு ஆபத்து. ஒன்றாக மின்ன வேண்டுமானால் புதிய பேனலும் பழைய ஸ்ட்ரோப்களும் ஒரே ஒத்திசைவு முறையைப் பேச வேண்டும். மலிவாகக் கிடைத்த ஒரு பேனலை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிட்டோம்.

வரிசையின் முடிவில் வரும் மின்தடையும் முக்கியம். ஒவ்வொரு ஹூட்டர் வரிசையின் கடைசியிலும் மின்தடை என்ற சிறு பாகம் ஒன்று இருக்கும். பேனல் எந்நேரமும் அதன் வழியாகச் சிறிதளவு மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்பிக் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தீ என்றதும் திசை மாறும், ஹூட்டர் ஒலிக்கும். இப்போது ஒரு வரிசையை மூன்றாகப் பிரிப்பதால் மூன்று முடிவுகள் வரும். ஒவ்வொன்றிலும் புதிய பேனலுக்கு உரிய மதிப்புள்ள மின்தடை வேண்டும். பழையது ஒன்று நடுவில் மறந்துவிடப்பட்டால் கண்காணிப்பே பொய்யாகிவிடும். மேலும், விரிவாக்கப் பேனலின் பேட்டரி செத்தாலோ கம்பி அறுந்தாலோ முதன்மைப் பேனலில் பழுது மணி அடிக்க வேண்டும். மூன்றாம் தளச் சுவரில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிவதை யாராவது கவனிப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

இனி அந்த ஒரு ஆம்பியருக்கு வருவோம். புதிய பேனலில் நான்கு வெளியீடுகள். ஹூட்டர்களுக்கு மூன்று போதும். நான்காவது, நடையில் ஒலிக்கும் ஹூட்டர் எட்டாத படுக்கையறைகளுக்கு. சாத்திய கதவுக்குப் பின்னால் தூங்குபவரின் தலையணையருகே ஒலி குறைந்தது 75 டெசிபல் இருக்க வேண்டும் என்பது அதே என்.எஃப்.பி.ஏ. 72-இன் விதி. நம் நடை ஹூட்டர்களால் அது பல வீடுகளில் முடியாது. செவித்திறன் குறைந்தவர்களின் படுக்கையறைக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியும் வலுவான ஸ்ட்ரோபும் வேண்டும். கூரையை ஒட்டிப் பொருத்தினால் அதன் ஒளிச்செறிவு 177 கேண்டெலா இருக்க வேண்டும். இவை சாதாரண ஹூட்டரைவிட மிக அதிகமாக மின்சாரம் கேட்பவை. இரண்டாம் கட்டடத்தில் இப்படி இரண்டு வீடுகள் உள்ளன. அந்த இரு வீடுகளுக்கும் இந்த முறையே பொருத்திவிட வேண்டும் என்பது குழுவின் ஒருமித்த முடிவு. அதற்கான செலவை அவ்வீட்டாரிடம் கேட்கப் போவதில்லை.

செலவு பற்றி. பராமரிப்பு நிதியிலிருந்து இதை எடுக்கவில்லை. லிஃப்ட், தண்ணீர் பம்பு, காவலர் சம்பளம் ஆகியவை அதை நம்பித்தான் ஓடுகின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலிக்கவும் மனம் வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும், வேலை இழந்து நிற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இயன்றவர் இயன்றதைத் தாருங்கள். கொடுத்தவர் பெயர் மட்டும் அறிவிப்புப் பலகையில் வரும், தொகை வராது. பெயரும் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அப்படியே செய்கிறோம். மூன்று விலைப்புள்ளிகளும், கம்பிக் கணக்கும், பேட்டரிக் கணக்கும் குழு அறையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

முதல் கட்டடத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். எங்கள் ஹூட்டர் நன்றாகத்தானே ஒலிக்கிறது என்று உங்களில் சிலர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அந்த 20 ஹூட்டர்களின் சுமையும் இன்று உங்கள் பேனலின் பேட்டரியைத்தான் குடிக்கிறது. அந்தச் சுமை இறங்கினால் உங்கள் பக்கத்துக்கும் நல்லது. இதைவிடப் பெரிய காரணம், மாலையில் உங்கள் பிள்ளைகள் விளையாடப் போவது அந்த ஐந்தாம் தளத்து வீடுகளுக்குத்தான்.

பணத்தால் உதவ முடியாதவர்கள் நேரத்தால் உதவலாம். மின்பொறியியல் தெரிந்தவர்கள் இணைப்பு வரைபடத்தை எங்களோடு உட்கார்ந்து சரிபார்த்துத் தாருங்கள். ஆனால் பேனலைத் திறப்பதும் கம்பி இணைப்பதும் உரிமம் பெற்றவரின் வேலை. ஆர்வத்தின் பேரில் அதை யாரிடமும் விடமாட்டோம். உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் கிடைத்த பிறகே வேலை தொடங்கும்.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் மூன்று தவணையாகப் போகும்: பொருள் வந்ததும் ஒன்று, பொருத்தி முடித்ததும் ஒன்று. மூன்றாவது, சோதனையில் தேறினால் மட்டுமே. சோதனை இப்படி நடக்கும்: மெயினை அணைத்துவிட்டு 24 மணி நேரம் பேட்டரியில் விடுவோம். மறுநாள் அதே நேரத்தில் ஒலிக்கவைத்து, 5 நிமிடத்துக்குள் ஒவ்வொரு வரிசையின் கடைசி ஹூட்டரிலும் வோல்ட்டேஜை அளந்து எழுதுவோம். அந்தத் தாளின் நகல் நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். மிஞ்சும் பணம் பேட்டரி மாற்றுவதற்கென்று தனியாக வைக்கப்படும். பேட்டரிகள் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியவை, அப்போது மீண்டும் உங்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்கிலோ, மாலை ஆறு மணிக்குமேல் குழு அறையில் நேரிலோ செலுத்திக் கையொப்பமிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். சோதனை நாள் மூன்று நாள் முன்பாக அறிவிக்கப்படும். அன்று நான்காம், ஐந்தாம் தளத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் இருங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே காத்திருங்கள். ஒலி கேட்டதா, எவ்வளவு கேட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கடைசித் தவணையில் கையெழுத்திடுவோம்.

அன்புடன்,
குடியிருப்போர் நலக் குழு