எடின்பரோவில் வாசிக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்டில் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவில் வாசிக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன்னோடு படிக்கும் பெண் ஃபிடில், நீ மிருதங்கம், ஐம்பது நிமிடம். தாராளமாக வாசி. எங்கே, எத்தனை நாள், எதை வாசிப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்த விழா பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். வியன்னாவில் பிறந்து, நாஜிகளால் இடம்பெயர்ந்த ரூடால்ஃப் பிங் முன்னின்று 1947ல் எடின்பரோ சர்வதேச விழாவைத் தொடங்கினார். 1938க்குப் பிறகு வியன்னாவுக்குத் திரும்ப முடியாமல் போன யூத இசை நடத்துனர் புரூனோ வால்டர், தன் பழைய வியன்னா பில்ஹார்மோனிக் கலைஞர்களோடு மறுபடி சேர்ந்தது அந்த முதல் விழாவில்தான். அதே ஆண்டு, யாரும் கூப்பிடாமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த கூடங்களில் நாடகம் போட்டன. அந்த எட்டுதான் ஃபிரிஞ்ச் என்ற பெயரில் இன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் 3000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளாக வளர்ந்து நிற்கிறது. நாம் டிவியில் பார்த்துச் சிரித்த மிஸ்டர் பீன் ரோவன் அட்கின்சன்கூட, 1970களில் மாணவனாக அங்கே மேடை ஏறியவர்தான்.

இன்றும் ஃபிரிஞ்சுக்குத் தேர்வுக் குழு கிடையாது. பதிவுக் கட்டணம் கட்டி, இடம் கொடுக்க ஒருவர் சம்மதித்தால் போதும். மார்கழி சீசனில் சபா செயலாளர் மனம் வைத்தால்தான் நமக்கு மத்தியானக் கச்சேரியாவது கிடைக்கும். பல வருடம் அதற்காகக் காத்திருந்தவன் நான், அதனால் உனக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், எது மேடைக்குத் தகும், எது தகாது என்று நீயேதான் கறாராகப் பார்க்க வேண்டும். ஒத்திகையில் சரியாக உட்காராத உருப்படியை, புதுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்க்காதே.

அப்புறம் பணம். டிக்கெட் போடும் அரங்குகள் பல, குறைந்தபட்சம் இவ்வளவு என்று உன்னிடம் உத்தரவாதம் கேட்கும். ஆகஸ்டில் அங்கே அறை வாடகை எங்கே போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். மூன்று வாரத்துக்கும் மேல் நடக்கும் விழாவில் முழுக்க வாசித்துக் கடனோடு ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. உனக்கு ஒரு வாரம் போதும். பப் மாடியிலோ கீழறையிலோ நடக்கும் இலவச அரங்கு ஒன்றைப் பிடி. வருகிறவர்கள் சும்மா வந்து கேட்பார்கள். முடிந்ததும் காசு வாங்க வாசலில் தொப்பியோடு நிற்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகலில் ராயல் மைல் தெருவில் நின்று நோட்டீஸ் கொடுப்பதற்கும் வெட்கப்படாதே. ஒருநாள் ஐந்து பேர்தான் வருவார்கள். அந்த ஐந்து பேருக்கும் முழுக் கச்சேரிதான். கூட்டம் குறைவு என்று, மிருதங்கம் மட்டும் தனியாகப் பேசும் தனி ஆவர்த்தனத்தைச் சுருக்காதே, வேகத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்று அதை ஓட்டப்பந்தயமாகவும் ஆக்காதே.

முக்கியமாக வாத்தியம். பாலத்துக்கு அடியில் உள்ள கல் நிலவறைகளும் ஆகஸ்டில் மேடையாகிவிடும். போன வருடம் நாங்கள் வந்திருந்தபோது அப்படி ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தோமே, சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மேலே விளக்குச் சூடு பட்டால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் போட்ட ரவை காய்ந்துவிடும். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்க அங்கே கால் மணி நேரம்கூடக் கிடைக்காது, அதற்குள் கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நிலவறை வேண்டாம், மாடி அறை கேள். வேறு வழியில்லை என்றால் நட்டு போல்ட்டு வைத்த மிருதங்கத்தை எடுத்துக்கொள். ஸ்காட்லாந்து ஃபிடில்காரர்கள் டி, ஜி, ஏ சுருதிகளில்தான் அதிகம் வாசிக்கிறார்கள். டி என்பது நம் இரண்டு கட்டைச் சுருதி. தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கத்தை அதில் சேர்த்து வைத்துக்கொண்டால், ஜி மெட்டு வரும்போதும் உன் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், அதன் ஐந்தாம் சுரமான பஞ்சமமாக நிற்கும்.

உன் நிகழ்ச்சி முடிந்ததும் அறைக்கு ஓடிவிடாதே. ஃபாரஸ்ட் ரோட்டில் சாண்டி பெல்ஸ் பப்பின் மூலையில் உட்கார்ந்து வாசிப்பார்களே, அங்கே போய்க் கேள். அவர்கள் நடன மெட்டுகளில் ஜிக் நம் காதுக்குத் திஸ்ரம் மாதிரி, மூன்று மூன்றாக விழும், ரீல் சதுஸ்ரம், நான்கு நான்காக. ஸ்ட்ராத்ஸ்பேதான் கடினம், குட்டைச் சுரம் முன்னால் வந்து நீளச் சுரத்தை வெட்டிக்கொண்டே போகும். அதன் மேல் எடுத்த எடுப்பில் கணக்குப் போட்டுக் கோர்வை வைக்காதே. மேடையில் முதல் சுற்று முழுக்க உன்னோடு ஃபிடில் வாசிக்கும் பெண்ணின் வில்லைப் பார்த்து வாசி, பக்கவாத்தியக்காரனுக்கு அதுதான் முதல் வேலை. நள்ளிரவுக்குப் பிறகு நடக்கும் நிகழ்ச்சிகளுக்கும் போ, உன் வயதில் போகாமல் எப்போது போவாய்? கௌகேட் தெருவில் அந்த நேரம் கூட்டமும் குடியும் அதிகம், அதனால் மிருதங்கத்தை முதலில் அறையில் வைத்துவிட்டுப் போ.

ஜூலையில் இங்கிருந்து அங்கே வருகிறவர் யாராவது இருந்தால் சொல், புது வலந்தலைத் தோல் மூட்டு ஒன்று கொடுத்தனுப்புகிறேன். தேதி முடிவானதும் உடனே எழுது. அம்மா பள்ளியில் விடுப்புக் கேட்க வேண்டும், விசாவுக்கும் நேரம் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா