ஃபுனகோஷியின் மனைவியைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் கிச்சின் ஃபுனகோஷி பற்றிய கட்டுரையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து வருடமாக அவர் வழியில் வந்த ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியைக் கற்கிறாள். வகுப்பில் சுவரில் மாட்டியிருக்கும் அவர் படத்தை வணங்கித்தான் பயிற்சி தொடங்குவார்கள். கேட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: "அவருக்குக் குடும்பமே இல்லையாம்மா?"

நியாயமான கேள்வி. 1922-ல் கராத்தே செய்து காட்ட ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவிலிருந்து டோக்கியோ போனவர், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ போன்றவர்கள் கேட்டுக்கொண்டதால் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது 53. அதுவரை பள்ளி ஆசிரியர். மாணவர் விடுதி ஒன்றில் சின்ன அறை கிடைத்தது. வாடகைக்குப் பதிலாக அறைகளைக் கூட்டினார், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். உடுதுணியைக்கூட அடகு வைத்தார். இதையெல்லாம் நீங்கள் நன்றாகவே எழுதியிருந்தீர்கள்.

ஆனால் அவர் மனைவி? ஒகினாவாவில் தறி நெய்தும் காய்கறி பயிரிட்டும் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மாதான். ரொம்பக் களைத்துப்போனால் படுக்க மாட்டாராம், வெளியே போய் கட்டா (கராத்தே அசைவுகளை வரிசையாகச் செய்யும் பயிற்சி) செய்வாராம். இதை ஃபுனகோஷியே எழுதியிருக்கிறார். முன்னோர் வழிபாட்டை விட்டுவர மனமில்லாமல் டோக்கியோவுக்கு வர மறுத்துவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் இருவரும் பிரிந்தே இருந்தார்கள்.

இன்னொரு திருத்தமும் உண்டு. ஃபுனகோஷி தன் பாணிக்கு 'ஷோட்டோகான்' என்று தானே பெயர் சூட்டவில்லை. பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசையை நினைத்து 'ஷோட்டோ' என்ற புனைபெயரில் எழுதி வந்தார். மாணவர்கள் பணம் சேர்த்துக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்கு அந்தப் பெயரால் 'ஷோட்டோகான்' ('கான்' என்றால் கூடம்) என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். கராத்தே பல பாணிகளாகப் பிரிவதே அவருக்குப் பிடிக்காது.

அந்தக் கூடம் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதே வருடம் மகன் கிகோவும் இறந்தார். போரில் ஒகினாவா சிதைந்து, மனைவி அகதியாகக் கியூஷு தீவின் ஓயிட்டாவுக்கு வந்தபோதுதான் ஃபுனகோஷி அங்கே போய் அவரோடு சேர்ந்தார். சேர்ந்து வாழக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். 1947-ல் அந்த அம்மா இறந்துவிட்டார். அஸ்தியோடு டோக்கியோவுக்கு ரயிலேறினார் ஃபுனகோஷி. வழி நெடுக ரயில் நின்ற நிலையங்களில் பழைய மாணவர்கள் துக்கம் விசாரிக்கக் காத்து நின்றார்கள்.

கட்டுரையில் இல்லாத இதையெல்லாம் தேடி எடுத்து மகளுக்குச் சொன்னேன். ரயில் நிலையக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். அப்புறம், "இதையும் அவங்க எழுதணும், நீ லெட்டர் போடும்மா" என்றாள். போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்