ஆண்டு விழா மேடையும் கேமராவின் சினிமா நிறமும்

திண்டுக்கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியாகிவிட்டது என்று படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். எனக்கு மட்டும் முழங்கால் வலி தீரவில்லை, ஆண்டு விழா ஒன்றில் மூன்று மணி நேரம் ட்ரைபாட் அருகில் நின்றால் மறுநாள் படி ஏற முடிவதில்லை.

பள்ளி விழாக்களை லாகில், அதாவது பின்னால் திருத்துவதற்காக நிறமும் மாறுபாடும் அடக்கி மங்கலாகப் பதியும் முறையில், எடுத்துப் பிறகு நிறம் திருத்துவதா, அல்லது கேமராவிலேயே இருக்கும் சினிமா நிறத்தை வைத்து எடுத்துக் கொடுத்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் உனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஊரை அடுத்த ஒரு பள்ளியின் விழாவை மூன்று கேமராக்களிலும் லாகில் எடுத்தேன். அவற்றில் இரண்டு, நிறப் படிகளைக் குறைவாகப் பதியும் பழைய 8 பிட் கேமராக்கள். மங்கலாகப் பதிந்ததை எடிட்டிங்கில் இழுத்து நிறுத்தியபோது பின்திரையின் நீலம் படிப்படியாகக் கோடு விழுந்து நின்றது. இருட்டான பகுதிகளில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு விளக்கு மாறுகிறது. முப்பது நிகழ்ச்சிகளுக்கு முப்பது விதமாகத் திருத்த வேண்டியிருந்தது. பத்து நாளில் தருவதாகச் சொன்ன பென் டிரைவை நாற்பதாம் நாள் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு தாயார், தம் மகளின் பாவாடை கிளிப்பச்சை என்றும், வீடியோவில் அது சாம்பல் பூத்துக் கிடக்கிறது என்றும் சொன்னார். தவறு முழுவதும் என்னுடையது என்பதால் பதில் சொல்ல வாயெழவில்லை.

இந்த ஆண்டு சோனி ஏ7 4 கேமராவில் எஸ்-சினிடோன் என்னும் சினிமா நிறத்துக்கு மாறினேன். கேமராவின் நிற அமைப்புகளான பிக்சர் புரொஃபைலில் 11ஆம் எண்ணாக இருப்பது அது. சோனியின் வெனிஸ் சினிமா கேமராவின் நிறத்தை ஒட்டி உருவாக்கப்பட்டு, 2019இல் எஃப்எக்ஸ் 9 கேமராவோடு வந்தது. 2021இல் ஏ7எஸ் 3க்கும் மென்பொருள் புதுப்பிப்பாகக் கிடைத்தது. இது ஒன்றும் புதிய எண்ணமில்லை என்பது உனக்குத் தெரியும். பானசோனிக் 2002இல் கொண்டுவந்த டிவிஎக்ஸ் 100 வீடியோ கேமராவிலேயே, வெளிச்சத்தையும் நிழலையும் சினிமா போலக் காட்டும் சினிமா காமா இருந்தது, நம் கைக்குத்தான் அன்று அது எட்டவில்லை. எஸ்-சினிடோனில் எனக்குப் பிடித்தது வெளிச்சம் மிகுந்த இடங்களை அது கையாளும் விதம்தான். வெள்ளை வேட்டி சட்டையில் பாரதியாராக நிற்கும் சிறுவன்மேல் பெரிய விளக்கு விழும்போது, வழக்கமான நிறத்தில் சட்டை வெறும் காகிதமாகிவிடும்; இதில் அந்த வெண்மை மெல்ல அடங்குவதால் சட்டையின் மடிப்பும் பொத்தானும் தெரிகின்றன.

ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். கேமராவிலேயே நிறத்தைச் சமைத்துப் பதிந்துவிட்டால், லாகில் உள்ள அளவுக்குப் பின்னால் திருத்த இடமிருக்காது. ஆகவே விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்சை ஆட்டோவில் விடவே கூடாது. விட்டால், பின்னால் உள்ள எல்.இ.டி. திரையில் சிவப்புப் பூ மலரும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் பச்சைப் பக்கம் சாயும். முன் விளக்கு மஞ்சளும் பின்திரை நீலமுமாக இருக்கும் மேடையில் நான் அதை இரண்டுக்கும் நடுவாக 4300 கெல்வினில் பூட்டிவிடுகிறேன். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் 50இல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு இது ஒத்துப்போவதால் மின்விளக்கின் மினுக்கல் பதியாது; இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். வெளிச்ச அளவைத் திரையில் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ராவை முகத்துக்கு 70இல் வைத்துப் பழகிய நாம், இதில் 60க்கு இறக்கினால்தான் முகம் மென்மையாக நிற்கிறது. பட்டுப் பாவாடையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் சற்றுச் சோர்ந்து தெரிந்ததால் நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனை மட்டும் 6 ஏற்றி வைத்தேன். அந்தக் கிளிப்பச்சைப் பாவாடை என் நினைவை விட்டு இன்னும் போகவில்லை.

எந்த நிறத்தை வைத்தாலும் வெல்ல முடியாத ஒன்று மேடையில் போடும் நீலப் பார் லைட்தான். ஒத்திகையில் யு.கே.ஜி. பையன் ஒருவன் மயில் வேடத்தில் வந்து நின்றான். மேடை முழுக்க நீலம். மானிட்டரில் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. விளக்குக்காரரை டீக்கடைக்கு அழைத்துச் சென்று பேசினேன். அவர் முகம் சுளிக்காமல் மேடையின் முன் இரு மூலைகளிலும் மஞ்சள் விளக்கைக் கால்பங்கு ஏற்றிக் கொடுத்தார். உடனே முகம் வந்தது, ரோஸ் பவுடர் வந்தது, கன்னத்தில் அவன் பாட்டி வைத்த திருஷ்டிப் பொட்டு வந்தது. பன்னிரண்டு ரூபாய் டீ செய்த வேலையை எந்தப் புரொஃபைலும் செய்திருக்காது.

இதையொட்டி ஒரு சங்கடமும் உண்டு. பிள்ளைகளைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டுங்கள் என்று சில பெற்றோர் காதோடு காதாகக் கேட்கிறார்கள். கேமராவுக்குள் விழும் வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, ஏற்றினால் அது நடக்கும், கூடவே பின்திரையும் வெள்ளைச் சட்டையும் எரிந்து போகும். நான் தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுகிறேன். உண்மைக் காரணம், அந்தக் கறுத்த முகங்களில் வியர்வையோடு சேர்ந்து வரும் மினுமினுப்பு இந்த நிறத்தில் அவ்வளவு அழகாகப் பதிகிறது என்பதுதான்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 4கே, 10 பிட், 140 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரத்துக்கு 63 ஜி.பி. ஆகிறது, மூன்று மணி நேர விழாவுக்கு ஒரு கேமராவுக்கே ஏறத்தாழ 190 ஜி.பி. லாகில் எடுத்தாலும் இதே இடம்தான் போகும், ஆனால் எஸ்-சினிடோனில் நிறம் திருத்தும் இரவுகள் மிச்சம். இம்முறை ஆறாம் நாளே பென் டிரைவ் கொடுத்துவிட்டேன். கல்யாண வேலைக்கு லாக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கு நேரமும் பணமும் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இருநூறு ரூபாய் வாங்கும் ஆண்டு விழாவுக்கு அது கட்டாது.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை இங்கு இன்னொரு விழா இருக்கிறது. ஒரு கேமரா குறைகிறது. நீ வந்தால் நன்றாக இருக்கும். உன்னிடம் இருப்பது ஃபியூஜி. அதன் எடர்னா நிறம் அருமையானதுதான், ஆனாலும் எஸ்-சினிடோனைவிட வெளிறித் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டினால் ஒரே பிள்ளைக்கு இரண்டு முகம் வந்துவிடும். அதனால் உன் கேமராவைப் பார்வையாளர் பக்கம் திருப்பி, கைதட்டும் தாய்மாரையும் தூங்கி விழும் தாத்தாக்களையும் எடுக்க வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வெள்ளி இரவு பேருந்து ஏறினால் சொல், நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்